சிலேடையில் வாழ்ந்தவர்கள்: பிரித்தானியச் சின்னத்திரையின் மறைவரலாறு

ஒரு தொடரை இருவேறு செவிகள் இருவேறு பொருளில் கேட்கலாம் என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடிக் காட்டினார். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என வழங்குதல் குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று. பிறர் அறியாவாறு தம்முள் பேசிக்கொள்ளும் தேவை ஒரு குழுவினர்க்கு உண்டு என்னும் வாழ்வியல் உண்மை அவ்விலக்கண விதிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பொற்கொல்லர்க்கு அத்தேவை தொழிலால் வந்தது. சிலர்க்கு அது சட்டத்தால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மக்களைச் சிரிக்கவைத்த கலைஞர்களுள் தன்பாலீர்ப்பினர் பலர் இருந்தனர். தம்மைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல் சொன்னாலும் தொழிலும் மானமும் போகும், சிறையும் வாய்க்கலாம் என்ற நிலையில், அவர்கள் குழூஉக்குறியையும் சிலேடையையும் கொண்டு தம்மை மறைத்துக்கொண்டனர். அவற்றைக் கொண்டே தம்மைப் புலப்படுத்தியும் கொண்டனர். கோடிக்கணக்கானோரின் அன்பு அவர்களுக்குக் கிடைத்தது. ஆயினும் அவ்வன்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அனைவர்க்கும் தெரிந்ததை எவரும் சொல்லலாகாது. அந்நிபந்தனையின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் நிழல்

இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையேயான உடலுறவை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1533இல் இயற்றப்பட்டது. மரணதண்டனை 1861இல் நீக்கப்பட்டது. ஆயினும் 1885இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், தனிமையில் நிகழ்ந்தாலும் ஆண்களுக்கிடையேயான எந்த நெருக்கத்தையும் குற்றமெனக் கொள்ள வழிசெய்தது. இத்திருத்தத்தின்படியே 1895இல் ஆஸ்கார் வைல்டு ஈராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அச்சட்ட மரபின் கிளையொன்று இந்தியாவிலும் ஊன்றப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாக அமைந்த அது, மனமொத்த வயதுவந்தோர்க்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளிக்கும் வரை நின்றது. எனவே இலண்டன் மாநகரின் இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானது எனக் கூறுவதற்கில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இச்சட்டத்தின் கெடுபிடி மிகுந்தது. 1953ஆம் ஆண்டு சர் பட்டம் பெற்ற நாடகப் பெருங்கலைஞர் ஜான் கீல்குட், அதே ஆண்டின் அக்டோபர்த் திங்களில் கைது செய்யப்பட்டு 10 பவுன் தண்டம் விதிக்கப்பெற்றார். செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. தம் கலைவாழ்வு முடிந்தது என அஞ்சியபடியே லிவர்பூல் நகர மேடையில் ஏறிய அவரை அவையோர் கரவொலி எழுப்பி வரவேற்றனர். அந்நிகழ்ச்சி மக்களின் பெருந்தன்மையைக் காட்டுவதாகவே நினைவுகூரப்படுகிறது. எனினும் 2000ஆம் ஆண்டில் தம் 96ஆம் வயதில் மறையும் வரை, கீல்குட் அவ்வழக்கைப் பற்றிப் பொதுவெளியில் வாய்திறக்கவில்லை. கரவொலியும் மௌனமும் ஒரே உடன்படிக்கையின் இரு பக்கங்கள்.

குழூஉக்குறியின் பொருளை நீதிமன்றமே ஆராய நேர்ந்த விந்தையும் நிகழ்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியால் புகழ்பெற்ற பியானோ கலைஞர் லிபராச்சி 1956இல் இலண்டன் வந்தார். ‘டெய்லி மிரர்’ நாளிதழில் ‘கசாண்ட்ரா’ என்னும் புனைபெயரில் எழுதிவந்த பத்தியாளர் அவரைக் கடுமையாக எள்ளி எழுதினார். அவ்வசையில் ‘பழச்சுவை தோய்ந்த’ எனப் பொருள்படும் ஒரு அடைமொழியும் இருந்தது. ‘பழம்’ என்னும் சொல் கொச்சை வழக்கில் தன்பாலீர்ப்பினரைச் சுட்டும். லிபராச்சி மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1959இல் சான்றுக் கூண்டில் நின்று, தாம் அத்தகையவர் அல்லர் என ஆணையிட்டுக் கூறினார். 8,000 பவுன் இழப்பீடும் பெற்றார். 1987இல் எய்ட்ஸ் நோயின் விளைவால் அவர் மறைந்தபோதுதான் அந்த ஆணைமொழியின் பின்னணி உலகுக்கு வெளிப்பட்டது. உண்மை பேசுவதாக ஆணையிட்டு உண்மையை மறுக்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளியது எது என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

உல்ஃபெண்டன் குழு 1957இல் அளித்த அறிக்கை, வயதுவந்த ஆண்கள் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதலாகாது எனப் பரிந்துரைத்தது. அது சட்டமாவதற்குப் பத்தாண்டுகள் சென்றன. 1967 சூலைத் திங்களில் நிறைவேறிய சட்டமும் 21 வயது கடந்தோர்க்கு மட்டும், இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் பொருந்துவதாக அமைந்தது. ஸ்காட்லாந்து 1980 வரையிலும், வட அயர்லாந்து 1982 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

வானொலி வகுத்த வழி

தொலைக்காட்சி நகைச்சுவைக்கு முன்னோடி வானொலி நகைச்சுவை. அவ்வானொலிக்கும் ஒரு காவல் இருந்தது. 1940களின் இறுதியில் பி.பி.சி. நிறுவனம் தன் எழுத்தாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு நெறிமுறைக் கையேட்டை வழங்கியது. அதன் அட்டை நிறத்தால் அது ‘பச்சைப் புத்தகம்’ எனப் பெயர் பெற்றது. நகைச்சுவையில் இடம்பெறக் கூடாதனவற்றை அது வரிசைப்படுத்தியது. கழிப்பறை, தேனிலவுத் தம்பதியர், விடுதிப் பணிப்பெண்கள், முயல்களின் பழக்கவழக்கம் ஆகியவற்றோடு ஆண்களிடம் காணும் பெண்மைச் சாயலும் அப்பட்டியலில் இருந்தது.

தடை வலுவாக உள்ள இடத்தில் குறிப்புமொழி வளர்வது இயல்பு. 1965 முதல் 1968 வரை ஒலிபரப்பான ‘ரவுண்ட் தி ஹார்ன்’ நிகழ்ச்சி இதற்குச் சிறந்த சான்று. பாரி டுக், மார்ட்டி ஃபெல்ட்மன் இருவரும் எழுதிய அந்நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என இரு பாத்திரங்கள் வந்தனர். ஹியூ பாடிக், கென்னத் வில்லியம்ஸ் ஆகியோர் அவ்விருவருக்கும் குரல் கொடுத்தனர். நிகழ்ச்சித் தலைவரான கென்னத் ஹார்ன், நடுத்தர வயதுக் கனவானுக்கே உரிய நிதானக் குரலுடன், வாரந்தோறும் அவ்விருவர் நடத்தும் ஏதேனும் ஒரு புதிய கடைக்குள் நுழைவார். பின்னர் அங்கே நடக்கும் உரையாடலே காட்சி.

அவ்வுரையாடலில் ‘போலாரி’ என்னும் மறைமொழி தாராளமாகப் புழங்கியது. இத்தாலியம், ரோமானி, இத்திசு முதலிய மொழிகளின் சொற்களும், திருடர் குழூஉக்குறிகளும் கலந்து உருவாகி, சர்க்கஸ் கூடாரங்களிலும் நாடக மேடைகளிலும் கப்பல்களிலும் வழங்கிய மொழி அது. காலப்போக்கில் நகரத் தன்பாலீர்ப்பினரின் தனிவழக்கு ஆயிற்று. ‘போனா’ என்றால் நல்ல. ‘ஓமி’ என்றால் ஆண். ‘பலோன்’ என்றால் பெண். ‘ஓமி-பலோன்’ என இணைத்தால் தன்பாலீர்ப்புடைய ஆண். பார்த்தல் என்பதற்கு அவர்கள் வழங்கிய ‘வாடா’ என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு வேறொன்றாய் ஒலிக்கும். ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டி ஆக்கிய சொற்களும் அதில் உண்டு. காவலர் காதில் விழுந்தாலும் விளங்காத மொழி என்பதே அதன் பயன்.

அம்மொழி ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், குடும்பத்தினர் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் வேளையில், நாட்டின் வீடுகளுக்குள் ஒலித்தது. ஒரு காட்சியில் அவ்விருவரும் வழக்கறிஞர் அலுவலகம் நடத்துகின்றனர். தம் நேரத்தின் பெரும்பகுதியைக் குற்றவியல் பணியே எடுத்துக்கொள்வதாகக் குறைபடுகின்றனர். ஆங்கிலத்தில் தொழிலையும் வழக்கமான செயலையும் ஒரே சொல் குறிக்கும். ஆகவே அதனை வழக்கறிஞரின் அலுப்பாகவும் கேட்கலாம். தம் வாழ்வே சட்டத்தின்முன் குற்றமாக நிற்பதைக் கூறும் கசப்பான நகையாகவும் கேட்கலாம்.

இத்தகைய சிலேடையைக் கேட்டவர்களுள் மூவகையினர் இருந்தனர் எனலாம். ஒன்றும் அறியாமல், குரலின் ஏற்ற இறக்கத்துக்காகவே சிரித்தோர் ஒருவகை. அறிந்தும் அறியாதார்போலச் சிரித்தோர் மற்றொரு வகை. அறிந்து, தம்மைப்போல் வேறு சிலரும் எங்கோ உள்ளனர் என ஆறுதல் கொண்டோர் மூன்றாம் வகை. மூன்றாம் வகையினர் வேறெங்கும் பெற இயலாத ஒன்றை அச்சிரிப்பில் பெற்றனர்.

சின்னத்திரையில் தோன்றிய முகங்கள்

குரல் மட்டுமே கேட்ட இடத்திலிருந்து முகமும் தெரியும் இடத்துக்கு வந்தபோது மறைத்தல் கடினமாயிற்று. 1951இல் தொடங்கிய ‘வாட்ஸ் மை லைன்?’ என்னும் வினாவிடை நிகழ்ச்சியால் கில்பர்ட் ஹார்டிங் நாடறிந்தவர் ஆனார். அவருடைய சிடுசிடுப்பே மக்களுக்குப் பொழுதுபோக்காயிற்று. அச்சிடுசிடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்த ஒரு வாழ்வு இருந்ததை அவர்கள் அறியார். 1960 செப்டம்பரில் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ நேர்காணலில் ஜான் ஃப்ரீமன், மரணத்தை நேரில் கண்டதுண்டா என வினவியபோது, தம் தாயின் மறைவை எண்ணி ஹார்டிங்கின் கண்கள் கலங்கின. படக்கருவி அவர் முகத்தை நெருங்கியே நின்றது. இரு திங்கள் கழித்து, பி.பி.சி. கட்டிடத்தின் வெளியே மயங்கி விழுந்து உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 53.

நாடகத்தில் சற்றே துணிவு பிறந்தது. 1959 நவம்பரில் கிரனாடா நிறுவனம் ஒளிபரப்பிய ‘சவுத்’ என்னும் நாடகத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கக் காலத்தில் மற்றொரு ஆணின்மேல் காதல் கொண்டு தவிக்கும் போலந்து நாட்டுப் படைத்தலைவனாகப் பீட்டர் வின்கார்டு நடித்தார். நேர்ச்சொல்லால் அன்றிக் குறிப்பாலேயே அக்காதல் உணர்த்தப்பட்டது. மறக்கப்பட்டுக் கிடந்த அந்நாடகத்தைப் பிரித்தானியத் திரைப்படக் கழகம் 2013இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தது.

ஆயினும் பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது நகைச்சுவையே. 1923இல் பிறந்து, வளர்ப்புக் குடும்பமொன்றில் வளர்ந்த லாரி கிரேசன், பல்லாண்டுகள் தொழிலாளர் மன்ற மேடைகளில் உழைத்தவர். 1950களில் தொலைக்காட்சியில் தோன்றியபோது புகார்கள் எழவே, பழைய மேடைகளுக்கே திரும்பினார். 1972இல் தனக்கென ஒரு நிகழ்ச்சியைப் பெற்றபோது அவர் ஐம்பதை நெருங்கியிருந்தார். 1978 முதல் 1982 வரை பி.பி.சி.யின் ‘ஜெனரேஷன் கேம்’ நிகழ்ச்சியை நடத்தினார். 1979இல் போட்டி அலைவரிசையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்த காலத்தில் அதன் பார்வையாளர் தொகை 2 கோடியைக் கடந்தது.

கிரேசனின் கலை நுண்மையானது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்று, அதன் தூசியைத் தட்டி, எங்கிருந்தோ குளிர்காற்று வீசுவதாக முகம் சுளித்து, கதவைச் சாத்தச் சொல்லி முறையிடுவார். பின்னர் தம் நண்பர்களைப் பற்றி வம்பளப்பார். ‘எவரார்டு’ என்னும் ஆண் தோழன் அவர் பேச்சில் ஓயாது வருவான். அவன் ஒருநாளும் மேடைக்கு வந்ததில்லை. அவனைப் பற்றிப் பேசலாம், கவலைப்படலாம், சலித்துக்கொள்ளலாம். காட்ட மட்டும் இயலாது. மறைத்து வாழ்ந்தவர் பலரின் இல்லற நிலை அதுவேயாகும். நகைச்சுவை நடிகர் ஃபிராங்கி ஹவர்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரோடு வாழ்ந்தார். உலகுக்கு அவர் ஹவர்டின் மேலாளர். 1992இல் ஹவர்டு மறைந்த பின்னரே அவ்வுறவு வெளிப்படையாகப் பேசப்பட்டது.

1972 செப்டம்பரில் சோதனை நிகழ்ச்சியாக வந்து, 1973 முதல் 1985 வரை தொடர்ந்த ‘ஆர் யூ பீயிங் செர்வ்டு?’ ஒரு பல்பொருள் அங்காடியின் கதை. அதில் ஆண்கள் ஆடைப் பிரிவின் விற்பனையாளர் ஹம்ப்ரிசாக ஜான் இன்மன் நடித்தார். வாடிக்கையாளர் வந்தவுடன் குரலை உயர்த்தி அவர் கூவும் இரண்டே சொற்கள் நாடெங்கும் பரவின. கையில் வேறு வேலையில்லை, இதோ வருகிறேன் என்பது அவற்றின் கடைப்பொருள். ‘நான் விடுதலையாய் இருக்கிறேன்’ என்பது அச்சொற்களின் நேர்ப்பொருள். 1976இல் பி.பி.சி. அவரை ஆண்டின் சிறந்த தொலைக்காட்சி ஆளுமையாகத் தேர்ந்தது. ஹம்ப்ரிஸ் தன்பாலீர்ப்பினரா எனக் கேட்டவர்களுக்கெல்லாம், அவர் தாயோடு ஒட்டி வாழும் மகன், அவ்வளவே என்று இன்மன் விடையளித்தார். விடுதலையை நாள்தோறும் அறிவித்த பாத்திரம், தான் இன்னார் எனச் சொல்லும் உரிமையைத் தொடரின் இறுதி வரை பெறவில்லை.

எதிர்ப்பும் மாற்றுக் குரலும்

1970இல் இலண்டனில் தன்பாலீர்ப்பினர் விடுதலை முன்னணி தோன்றியது. தம்மை மறைத்தலே அடிமைத்தனம் என அவ்வியக்கத்தார் முழங்கினர். அவர்கள் கண்ணுக்குக் கிரேசனும் இன்மனும் இடையூறாகத் தோன்றினர். தன்பாலீர்ப்பினர் சமத்துவத்துக்கான இயக்கமும் ஹம்ப்ரிஸ் பாத்திரத்தைக் கண்டித்தது. நளினமாக நடப்பவன், நகைப்புக்குரியவன் என்ற ஒற்றைப் படிமத்தையே தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. இதில் நியாயம் உண்டு. வேறு படிமம் எதுவும் திரையில் இல்லாதபோது ஒரு கேலிப்படிமமே முழு உண்மையாக நின்றுவிடும். பள்ளிகளில் மென்மையான சிறுவர்களைச் சீண்டுவதற்கு அது எளிய கருவியும் ஆகும்.

மாற்றுக்கு வழியுண்டு என்பதை 1975 டிசம்பரில் தேம்ஸ் தொலைக்காட்சி மெய்ப்பித்தது. குவென்டின் கிறிஸ்ப்பின் தன்வரலாற்றைத் தழுவிய ‘தி நேக்கடு சிவில் சர்வன்ட்’ படத்தில் ஜான் ஹர்ட் தலைமைப் பாத்திரமேற்றார். உதட்டுச் சாயமும் வண்ணம் தோய்ந்த கூந்தலுமாக 1930களின் இலண்டன் தெருக்களில் மறையாது நடந்து, அடியும் உதையும் பெற்ற ஒருவரின் கதை அது. அதே நளினத்தை அங்கே மக்கள் துணிவாகக் கண்டனர். எள்ளலுக்குரியது எனக் கருதிய ஒன்று, கதையை உரியவர் வாயால் கேட்டபோது வேறாயிற்று.

ஆயினும் இயக்கத்தாரின் தீர்ப்பை அப்படியே ஏற்பதும் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அங்காடித் தொடரை மறுபடி காண்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். தம் பதவியை எண்ணிச் செருக்கும் மேலாளர்களும், தோல்வியை மறைக்கப் பாடுபடும் சக ஊழியர்களும் நிறைந்த அக்கடையில் மனநிறைவோடு வாழ்பவர் ஹம்ப்ரிஸ் ஒருவரே. அவரை எவரும் ஒதுக்குவதில்லை, தண்டிப்பதும் இல்லை. திரையில் தன்பாலீர்ப்பினர் என்றாலே தற்கொலையோ சிறையோ முடிவாக அமைந்த காலத்தில், வாரந்தோறும் மகிழ்ச்சியோடு வேலைக்கு வந்து மகிழ்ச்சியோடு வீடு திரும்பிய ஒருவரைக் காட்டியது சிறு செயலன்று.

சிரிப்பின் விலை

அன்பின் நிபந்தனை மீறப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் பல. 1971இல் ‘ஜேசன் கிங்’ தொடரின் வழியே பெண்களின் கனவு நாயகனாக விளங்கிய பீட்டர் வின்கார்டு, 1975இல் பேருந்து நிலையக் கழிப்பறை வழக்கொன்றில் 75 பவுன் தண்டம் பெற்றார். சட்டம் திருத்தப்பட்டு எட்டாண்டுகள் ஆகியும், தனிமைக்கு வெளியே அது பாதுகாப்புத் தரவில்லை. அவருடைய தொலைக்காட்சி வாழ்வு சரிந்தது.

1980களில் எய்ட்ஸ் அச்சத்தோடு நாளிதழ்களின் வேட்டையும் வளர்ந்தது. நேர்காணல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ரசல் ஹார்ட்டியின் தனிவாழ்வை 1987இல் ஓர் இதழ் அம்பலமாக்கியது. மறு ஆண்டு அவர் கல்லீரல் அழற்சியால் மருத்துவமனையில் உயிருக்குப் போராடியபோதும் செய்தியாளர்கள் விட்டகலவில்லை. நாடகாசிரியர் ஆலன் பென்னட் தம் நண்பருக்கான நினைவுரையில் அக்கொடுமையைச் சாடினார்.

ஜூலியன், சாண்டி இணையருள் ஒருவருக்குக் குரல் தந்த கென்னத் வில்லியம்ஸ் 1988 ஏப்ரலில் அளவுக்கு மீறிய மருந்தால் இறந்தார். அது விபத்தா, தற்கொலையா என விசாரணை முடிவு கூறவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து தேர்ந்த பகுதிகள் 1993இல் நூலாயின. தன் தாயின் அடுத்த வீட்டில், துணையின்றி, தன் விருப்பத்தையே வெறுத்தும் விரும்பியும் வாழ்ந்த ஒருவரை அந்நூலில் நாடு கண்டு திகைத்தது. அந்த ஆண்டிலேயே, 1988இல், உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கலாகாது எனத் தடுக்கும் 28ஆம் பிரிவு நிறைவேறியது. ஸ்காட்லாந்தில் 2000 வரையிலும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003 வரையிலும் அது நீடித்தது.

எனினும் திரை பின்வாங்கவில்லை. ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் மைக்கேல் காஷ்மன் நடித்த காலின் என்னும் பாத்திரம், குறிப்பும் சிலேடையும் இன்றித் தன்பாலீர்ப்பினராகவே வாழ்ந்தது. 1987இல் அவர் தம் துணைவரின் நெற்றியில் இட்ட முத்தம் நாளிதழ்களில் பெரும் கூச்சலை எழுப்பியது. 1989இல் அத்தொடர் இதழ்முத்தத்தையே காட்டியது. அதே ஆண்டில் காஷ்மன், 28ஆம் பிரிவை எதிர்த்தெழுந்த ‘ஸ்டோன்வால்’ அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரானார். குழூஉக்குறியின் காலம் முடியத் தொடங்கியது.

மதிப்பீடு

கிரேசன், இன்மன், வில்லியம்ஸ் முதலியோரைக் கோழைகள் என்போரும் உண்டு. மறைமுகப் போராளிகள் எனப் போற்றுவோரும் உண்டு. இரண்டும் அவர்களுடைய காலத்தைக் கணக்கில் கொள்ளாத கூற்றுகள். பேச முடியாத காலத்தில் பேசுவதற்கு அவர்கள் ஒரு வழியைக் கண்டனர். சிலேடை அவர்களுக்குக் கூரையாயிற்று; அக்கூரைக்கு வாடகை செலுத்தியவர்களும் அவர்களே. வீட்டுக்கூடத்தில் அமர்ந்து சிரித்த பார்வையாளர்க்கு அச்சிரிப்பு இலவசமாகவே கிடைத்தது. கலைஞர்கள் ஏன் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்னும் வினாவை எழுப்புமுன், தெரிந்திருந்தும் கேட்க விரும்பாத ஒரு சமுதாயத்தை நோக்கியே அவ்வினாவைத் திருப்ப வேண்டும்.

ஒருபாலினத்தோரின் இணைவாழ்வைப் பதிவு செய்யும் சட்டம் 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அத்திங்களிலேயே ஜான் இன்மன் தம் நெடுநாள் துணைவரோடு தம் உறவைப் பதிவு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 70. அதன்பின் ஓராண்டும் சில திங்களும் மட்டுமே உயிர் வாழ்ந்து 2007 மார்ச்சில் மறைந்தார். பழைய சட்டங்களால் தண்டிக்கப்பட்டு இறந்த ஆயிரக்கணக்கானோர்க்கு 2017 சனவரியில் அரசு மன்னிப்பு வழங்கியது.

அங்காடித் தொடர் பிரித்தானியாவைக் கடந்து அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலும் புதிய தலைமுறையினரைச் சிரிக்கவைத்தது. ஹம்ப்ரிஸ் கூவும் அவ்விரு சொற்களின் கடைப்பொருளை மட்டுமே முன்பு பலர் கேட்டனர். அவற்றின் நேர்ப்பொருளையும் கேட்கச் செவி வாய்த்த காலம் பின்னரே வந்தது.